கோழி எருவும் செத்த மண்புழுவும்: ஒரு வெங்காயக் காட்டில் இரண்டு வருடம்

பின்னணி

நாமக்கல் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் செம்மண் தோட்டம். ஒரு போர்வெல், கொஞ்சம் உப்புத் தண்ணீர். கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம். மேட்டுப்பக்கம் ஒன்றரை ஏக்கரில் ஒரு வருடம் மரவள்ளி, மறுவருடம் நிலக்கடலை. மீதி இடத்தில் வீடும் முப்பதுக்குக் கொஞ்சம் மேலான தென்னைகளும். தோட்டத்துக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் மனைவிதான் தோட்டத்தில் அதிக நேரம் இருப்பவர். பின்னால் வரும் விஷயத்தில் முக்கியமான இரண்டு கவனிப்புகள் அந்த அக்காவுடையவை.

அவர் அப்பா காலத்தில் கோடையில் ஆட்டுப்பட்டி போடுவார்களாம், அதாவது ஆடுகளை இரவில் காட்டிலேயே அடைத்து வைப்பது. ஏரி வண்டலும் அடித்திருக்கிறார்கள். கடந்த இருபது வருடமாக இரண்டும் இல்லை. அடியுரமாக டிஏபி (தழைச்சத்தும் பாஸ்பரஸும் உள்ள உரம்) அல்லது 17:17:17 கலப்பு உரம், மேலுரமாக யூரியா, வெங்காயத்துக்கும் கடலைக்கும் குருணை மருந்து. குருணை என்றால் பெரும்பாலும் ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லி. 2020 இறுதியோடு நாடு முழுவதும் தடையாகும்வரை இந்தப் பகுதியில் அது சாதாரணமாகப் புழங்கியது. மண்புழுவுக்கு அது நல்லதல்ல என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான்.

ஒரு கூட்டத்தில் "ரசாயனம் மண்ணைச் சாகடிக்கிறது" என்று கேட்டுவிட்டு வந்தவர், அந்த வருடம் வைகாசிப் பட்டத்துக்கு ஒரு மூட்டை உரம்கூட வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பஞ்சமில்லை. கூண்டுக்கு அடியில் குவிந்த எருவை டிராக்டர் டிப்பரில் ஐந்து நடை கொண்டுவந்து, ஒரு ஏக்கர் வெங்காயக் காட்டில் கொட்டி, ரொட்டவேட்டர் ஓட்டி, அதே வாரத்தில் பார் பிடித்து வெங்காயம் ஊன்றிவிட்டார்.

என்ன நடந்தது

முதல் தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் அக்கா பார்த்தது காக்கைக் கூட்டத்தை. மைனாவும் சேர்ந்துகொண்டதாம். "என்னமோ தீனி கெடைக்குதாட்டம் இருக்குதுன்னு போய்ப் பார்த்தனுங்க. வரப்போரம் பூரா புழு வெளிய வந்து கெடந்துச்சு" என்றார். இரண்டு நாளில் அவை காய்ந்து கருகிப்போயின. காட்டுக்குள் இறங்கினால் கண்ணெரியும் அளவுக்கு நெடி. பத்தாம் நாளில் தாளின் நுனி கருக ஆரம்பித்தது. சில பார்களில் ஊன்றிய காய் முளைக்காமலேயே அழுகியது. வீட்டில் ஈ தாங்க முடியவில்லை.

அவர் என்னைக் கூப்பிட்டது மூன்றாம் வாரத்தில். ஓர் உழவர் குழுவுக்கு மண், உரம் சம்பந்தமாக ஆலோசனை சொல்வது என் வேலை. போனில் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ரசாயனத்த உட்டுட்டுத்தானுங்க தம்பி இதப் போட்டேன். இதுலயும் புழு சாகுமுங்களா?"

நேரில் பார்த்தவை

போன அன்றே நான்கு இடங்களில் குழி எடுத்தோம். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். மண்ணைச் சாக்கில் கொட்டி, கையால் உடைத்து, புழுவை எண்ணினோம். வெங்காயக் காட்டில் ஐந்து குழி எடுத்தும் ஒன்றுகூட இல்லை. மேட்டுக்காட்டில், மரவள்ளி நின்ற இடத்தில், ஐந்து குழிக்கும் சேர்த்து ஒன்று. வேலியோர வரப்பில் குழிக்கு இரண்டு, மூன்று. தென்னையின் வட்டப்பாத்தியில் ஒரே குழியில் பதினான்கு.

அந்தப் பதினான்கு என்னை யோசிக்க வைத்தது. தென்னைக்கு இவர் ரசாயன உரத்தை நிறுத்தியதே இல்லை. மரத்துக்கு வருடம் யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்ற வேளாண் பல்கலைக்கழகச் சிபாரிசை ஏறக்குறைய அப்படியே போட்டு வந்திருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், விழுகிற மட்டையையும் மட்டைச் சோற்றையும் அக்கா பாத்தியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுவார். துணி துவைக்கும் தண்ணீரும் இரண்டு மரத்துக்குப் போகும். ரசாயன உரம் விழுகிற மண்ணில் புழு. இந்த வருடம் ரசாயனமே போடாத காட்டில் புழு இல்லை. "உரம் கொல்லும், எரு காக்கும்" என்ற கணக்கு இந்தத் தோட்டத்தில் அன்றே உடைந்துவிட்டது.

மண் மாதிரி எடுத்து அனுப்பினோம். வெங்காயக் காட்டு மண்ணின் பிஎச் 8.3, அதாவது கார மண். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் 1.9, ஒன்றுக்கு மேல் போனாலே பயிருக்கு ஜாக்கிரதை என்பார்கள், வெங்காயமோ உப்பைத் தாங்காத பயிர். கரிமச்சத்து அரை சதவீதத்துக்குக் கீழே. பாஸ்பரஸ் மட்டும் "மிக அதிகம்". அது இருபது வருட டிஏபியின் சேமிப்பு. அதன்மேல் கோழி எருவும் விழுந்திருக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன ஏற்பாடு. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஒரே அளவான துண்டுகளாகக் கிழித்து, நான்கு இடத்திலும் அரை அடி ஆழத்தில் புதைத்து, குச்சி நட்டு வைத்தோம். பருத்தித் துணி என்பது வெறும் நார்ச்சத்து. மண்ணில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வேலை செய்தால் துணி மக்கும். ஆறு வாரம் கழித்து எடுப்பதாக ஏற்பாடு.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது

ஒரு நடை மூன்று டன் என்று வைத்தால் ஐந்து நடைக்கு 15 டன். தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம்தான். கோழி எருவில் மூன்று சதவீதம் வரை உண்டு. ஈரத்துக்குக் கழித்து ஒன்றரை சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 225 கிலோ தழைச்சத்து விழுந்திருக்கிறது. சின்ன வெங்காயத்துக்குச் சிபாரிசு எக்டேருக்கு 60 கிலோ, அதாவது ஏக்கருக்கு 24. ஒன்பது மடங்குக்கும் மேல். யூரியாவாகச் சொன்னால் 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட பதினொன்று.

இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "பதினோரு மூட்ட யூரியா போட்டா எந்தப் பைத்தியக்காரனும் வெங்காயம் ஊன மாட்டானுங்களே" என்றார்.

புழு செத்த விதமும் இதில் இருக்கிறது. பச்சைக் கோழி எருவில் உள்ள யூரிக் அமிலம் ஈரம் பட்டதும் சிதைந்து அம்மோனியாவாகிறது. மண்ணின் காரத்தன்மை கூடக்கூட அது வாயுவாகக் கிளம்புவதும் கூடும். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு கெட்டிப்பட வேண்டும் என்று சுண்ணாம்பும் கிளிஞ்சலும் சேர்ப்பதால் எருவிலும் சுண்ணாம்பு உண்டு. ஏற்கெனவே காரமான செம்மண்ணுக்கு அது இன்னொரு சுமை. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோலால்தான் மூச்சு விடுகிறது. அம்மோனியாவும் உப்பும் முதலில் தாக்குவது அந்தத் தோலைத்தான். மேலே வந்தால் வெயிலும் காக்கையும்.

எடுத்த முடிவுகள்

நின்ற வெங்காயத்தை உழுதுவிடுவதா என்று பேசினோம். பாதிக்கு மேல் பயிர் உயிரோடு இருந்ததால் வைத்துக்கொள்வது என்று முடிவானது. மேலுரம் எதுவும் வேண்டாம். மண்ணைக் காயவிடாமல் குறைந்த அளவில் அடிக்கடி தண்ணீர். வெள்ளமாகக் கட்டி உப்பைக் கீழே இறக்கிவிடலாமே என்று அவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன்: எருவின் தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறும், தண்ணீரோடு இறங்கும் அந்த நைட்ரேட் போய்ச் சேருமிடம் பக்கத்திலிருக்கும் அதே போர்வெல். அந்தத் தண்ணீரைத்தான் வீட்டில் குடிக்கிறார்கள்.

எருவை விட்டுவிட்டு உரத்துக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நியாயமான பயம். ஆனால் உரம் மட்டும் போட்ட மேட்டுக்காட்டிலும் புழு இல்லையே. இங்கே நீண்டகாலச் சோதனைகள் இரண்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் கோதுமை விளையும் ஒரு வயலில், ஒரு பாத்திக்கு வருடா வருடம் எக்டேருக்கு 35 டன் தொழு உரமும் மற்ற பாத்திகளுக்கு ரசாயன உரமும் போட்டு வருகிறார்கள். தொழு உரப் பாத்தியில் கரிமச்சத்தும் நுண்ணுயிர்த் திரளும் ரசாயனப் பாத்தியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே சமயம், உரமே காணாத பாத்தியைவிட ரசாயன உரப் பாத்தியில் கரிமச்சத்து சற்று அதிகம், ஏனென்றால் பயிர் வளர்ந்து வேரும் தாளும் கூடுதலாக மண்ணுக்குப் போகிறது. நம் கோயம்புத்தூரிலேயே 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. அங்கேயும் தொழு உரப் பாத்திதான் கரிமச்சத்தில் முன்னால் நிற்கிறது.

ரோதம்ஸ்டெட்டில் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனையையும் சொல்ல வேண்டும். அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து விழுந்து, சுண்ணாம்பு போடாத பாத்திகள் கடும் அமிலமாகி, மண்புழு ஒழிந்து, செத்த புல் மக்காமல் மெத்தைபோல் மேலே படிந்துவிட்டது. நீலகிரித் தோட்டங்களுக்கு அந்தப் பாடம் பொருந்தும். நாமக்கல் செம்மண்ணுக்கு அல்ல. இங்கே பிரச்சினை புளிப்பு இல்லை, தீனி இல்லாததும் உப்பும்தான். மண்புழுவும் நுண்ணுயிரும் உயிர்வாழ்வது மக்கும் பொருளால். யூரியா பயிருக்குச் சாப்பாடு, புழுவுக்கு அல்ல.

இதன்படி முடிவான ஏற்பாடு: கோழி எருவைப் பச்சையாகக் காட்டில் இறக்கவே கூடாது. ஒரு மூலையில் தென்னைநார்க் கழிவு, கடலைக் கொடி, சருகு இவற்றோடு அடுக்கடுக்காகக் கலந்து, ஈரம் காத்து, புரட்டி, மூன்று மாதம் மக்கவைத்த பிறகே போட வேண்டும். நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு மேல், கோழி எருவில் பத்தைச் சுற்றி. இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிருக்குச் சரியான கலவை. ஆவணியில் சணப்பை என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழுவது. மேட்டுக்காட்டில் கோடையில் ஆட்டுப்பட்டி. டிஏபி நிறுத்தம். யூரியாவும் பொட்டாஷும் சிபாரிசின் பாதி, பிரித்துப் பிரித்து. கடைசி விஷயம் கூட்டத்தில் அவர் கேட்ட பேச்சுக்கு மாறானது. அக்காதான் முடித்து வைத்தார்: "தென்னைக்குப் போடறோமில்ல, அங்க புழு இருக்குதே."

அடுத்து நடந்தது

ஆறு வாரம் கழித்துத் துணியைத் தோண்டியபோது நான் எதிர்பார்க்காததைப் பார்த்தேன். தென்னைப் பாத்தியில் துணி சல்லடையாகியிருந்தது, அது தெரிந்த கதை. மேட்டுக்காட்டுத் துணி துவைத்தால் மறுபடி கட்டலாம்போல இருந்தது. ஆனால் புழுவே இல்லாத வெங்காயக் காட்டிலும் துணி பாதிக்கு மேல் மக்கிப்போயிருந்தது. அதாவது மண் சாகவில்லை. தழைச்சத்தும் ஈரமும் கிடைத்த பாக்டீரியாக்களுக்கு அங்கே விருந்து. தோலால் மூச்சு விடும் பெரிய உயிர்களுக்குத்தான் சாவு. "மண் செத்துவிட்டது" என்று நானும் ஒன்றிரண்டு இடத்தில் பேசியிருக்கிறேன், இப்போது அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன்.

அந்தப் போக வெங்காயம் வழக்கத்தில் பாதிதான் வந்தது. காயும் பொடி.

ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி குழி எடுத்தோம். வெங்காயக் காட்டின் நடுவில் இன்னும் பூஜ்யம். வரப்பை ஒட்டிய குழிகளில் ஒன்று, இரண்டு. மேட்டுக்காட்டிலோ ஐந்து குழியில் பதினொன்று! கோடையில் ஒன்று எண்ணிய அதே இடம். இங்கேதான் என் தப்பு. வைகாசியில் நான் எண்ணியபோது மேட்டுக்காடு காய்ந்து கிடந்தது. மண் காய்ந்தால் மண்புழு ஆழத்துக்கு இறங்கிச் சுருண்டுகொள்ளும். ஓர் அடிக் குழியில் அது அகப்படாது. தண்ணீர் பாயும் தென்னைப் பாத்தியோடு காய்ந்த காட்டை ஒப்பிட்டு, "உரத்தால் புழு இல்லை" என்று பாதி முடிவுக்கு வந்திருந்தேன். குறைவாக இருந்தது உண்மை. நான் சொன்ன அளவுக்குக் குறைவில்லை. வைகாசி எண்ணிக்கையில் நம்பக்கூடியது வெங்காயக் காடு மட்டும், ஏனென்றால் அங்கே ஈரம் இருந்தது, செத்த புழுவையும் கண்ணால் பார்த்தார்கள்.

இடையில் இன்னொன்று. தோட்டத்துக்காரர் என்னிடம் கேட்காமல் மண்புழு உரம் தயாரிக்கும் ஒருவரிடம் இரண்டு கிலோ புழு வாங்கிவந்து காட்டில் விட்டிருக்கிறார். பத்து நாளில் ஒன்றையும் காணோம். தொட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க மண்புழு என்று சொல்லும் யூட்ரிலஸ் வகை. சாணக் குவியலில் மேலோட்டமாக வாழ்வது, வெறும் செம்மண்ணில் அதற்குத் தீனி இல்லை. நம் காடுகளில் தானாக இருக்கும் லாம்பிட்டோ வகை மண்ணைத் தின்று துளை போடுவது. அதை வாங்க வேண்டியதில்லை, வரப்பிலேயே இருக்கிறது. ஆனால் பரவும் வேகம் வருடத்துக்குச் சில மீட்டர்தான்.

மறுவருடம் மேட்டுக்காட்டில் கடலை. பூக்கும் பருவத்தில் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைப் பார்த்தோம். பட்டி போட்ட பக்கத்தில் முடிச்சு கொத்துக்கொத்தாக. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு, அதாவது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது. ஒரு மூலையில் மட்டும் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது, வேரில் முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றும். விசாரித்ததில், அந்த மூலையில்தான் பட்டி இரண்டு இரவு கூடுதலாக நின்றிருக்கிறது. மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் கடலை எதற்குப் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்கும்? ஆட்டுப் புழுக்கையானாலும் யூரியாவானாலும் வேருக்கு ஒரே கணக்கு.

எருக்குழியிலும் ஒரு சிக்கல். முதல் தடவை போட்ட குவியலைச் சரியாகப் புரட்டவில்லை. உள்ளே விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. "நல்ல புழுவுங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். காண்டாமிருக வண்டின் புழு அது. வண்டானால் நேராகத் தென்னைக் குருத்துக்குத்தான் போகும். பொறுக்கி எடுத்ததுபோக, மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைத் தண்ணீரில் கரைத்துக் குவியலில் ஊற்றினோம். அதுவும் மண்ணில் வாழும் உயிர்தான், வண்டின் புழுமேல் வளர்ந்து கொல்லும். இரண்டு தென்னையில் குருத்து வெட்டு விழுந்ததோடு நின்றது.

இரண்டாம் வருட முடிவில்

மக்கிய எரு இரண்டு நடை, சணப்பை, பாதி யூரியா என்று இருந்த இரண்டாம் வருட வெங்காயம் பழைய அளவைத் தொட்டது. தாண்டவில்லை. உரச் செலவு குறைந்தது, எரு புரட்டும் கூலி அதில் ஒரு பங்கைத் தின்றது. மின்கடத்துத் திறன் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. கார்த்திகையில் எண்ணியபோது வெங்காயக் காட்டில் குழிக்கு இரண்டு, மூன்று புழு. காட்டின் நடுப்பகுதியில் மட்டும் இன்னும் அரிது. உழவு ஓட்டும்போது டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு வர ஆரம்பித்திருக்கிறது என்று அக்கா சொன்னார். நான் எண்ணிய குழிகளைவிட அந்தக் கொக்கு நம்பகமான அளவுகோல் என்று எனக்கே தோன்றியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எண்ணிக்கையை முதலிலேயே மழை முடிந்த ஈரத்தில் எடுத்திருக்க வேண்டும், அல்லது எல்லா இடத்திலும் முந்தின நாள் தண்ணீர் விட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும். தோட்டத்துக்காரர் பக்கத்தில், ஐந்து நடையையும் ஒரே காட்டில் ஒரே வாரத்தில் இறக்காமல் இரண்டு பாரில் போட்டுப் பார்த்திருந்தால் நஷ்டம் இரண்டு பாரோடு போயிருக்கும். ஊன்றுவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்திருந்தால் பாஸ்பரஸ் நிறைய இருப்பது தெரிந்து, கோழி எரு என்ற யோசனையே வந்திருக்காது. கோழி எருவில் பாஸ்பரஸும் இரண்டரை சதவீதம் அளவுக்கு உண்டு.

பாஸ்பரஸ்தான் இந்தத் தோட்டத்தில் தீராத விஷயம். வெங்காயத்தின் வேரில் தூவிகள் குறைவு. அதனால் வேர்ப்பூஞ்சை உதவியால்தான் அது தூரத்துச் சத்தை எடுக்கிறது. மண்ணில் பாஸ்பரஸ் நிறைந்து கிடந்தால் அந்தப் பூஞ்சை வேரில் சரியாகக் குடியேறாது. பாஸ்பரஸ் தழைச்சத்தைப்போல மழையில் கரைந்து ஓடுவதும் இல்லை, பயிர் எடுத்து எடுத்துத்தான் குறைய வேண்டும். கடைசிப் பரிசோதனையிலும் "மிக அதிகம்" என்றே வந்தது. இந்த வருடமும் டிஏபி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் போனபோது திண்ணையில் ஒரு மூட்டை சாக்கு போட்டு மூடியிருந்தது. என்னவென்று கேட்டதற்கு அக்கா சிரித்தார், தோட்டத்துக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.